முளைத்தட்டும் பூத்த வயலும்

வறட்சி தாங்கும் மக்காச்சோளக் கலப்பினத்துக்குப் பெற்றோர் வழிகளைத் தேடுவோரில் இரு தரப்பார் உண்டு. ஒரு தரப்பு முளைவிட்ட இரண்டு மூன்று வாரங்களிலேயே தேர்வை முடித்துவிடுகிறது. மற்றது பூக்கும்வரை காத்திருக்கிறது.

முளைத்தட்டில் வறட்சியை ஊற்ற முடியும். நீரில் கரைத்த பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000 என்ற வேதிப்பொருளின் பருத்த மூலக்கூறு வேரணுவுக்குள் புகாமல் வெளியே நின்று நீரைப் பிடித்துவைக்கிறது. ஓர் அறைக்குள் நூற்றுக்கணக்கான வழிகளின் வேர் நீளத்தையும் வேர்-தண்டு விகிதத்தையும் அளந்துவிடலாம். வயலிலோ நீரை நிறுத்தத்தான் முடியும். அதற்கு மழையற்ற பருவம் வேண்டும். மெக்சிகோவின் த்லால்திசாபானில் சர்வதேச மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையமான சிமிட் 1975 முதல் துக்ஸ்பென்யோ என்ற மக்காச்சோளத் தொகுதியைக் குளிர்காலத்தில் பாசனம் குறைத்து வளர்த்தது. எட்டுச் சுற்றுத் தேர்வில் விளைச்சலோடு முக்கியமாகக் கவனித்தது, மகரந்தம் உதிர்வதற்கும் கதிரில் பட்டிழை வெளிவருவதற்கும் இடையிலான நாட்களை. வறட்சியில் பட்டிழை பிந்தினால் மகரந்தம் தீர்ந்துபோய்க் கதிர் மலடாகும்.

இரண்டிலும் ஓட்டை உண்டு. முளை முதல் நாட்களில் விதையின் சேமிப்பை உண்டே வளர்கிறது. பெரிய விதை தந்த தாய்க்கும் சேர்த்து நாம் மதிப்பெண் போடுகிறோம். அப்போது அளக்கும் விதைவேர்களும் பிற்காலத்தில் பயிரைத் தாங்கும் கணுவேர்களும் வேறு. வயலிலோ முந்திப் பூக்கும் வழி வறட்சிக்குத் தப்பிவிட்டு, தாங்கியதுபோல் காட்டும். எதிர்பாராத ஒரு மழை அந்தப் பருவத்தையே வீணாக்கிவிடும்.

இவ்வளவு விலகி நிற்பவை ஓரிடத்தில் உறவாகின்றன. வேர் நீள்வதும் பட்டிழை நீள்வதும் அணுக்கள் நீரின் உள்ளழுத்தத்தால் விரியும் ஒரே செயல். 1985-இல் வெஸ்ட்கேட்டும் பாயரும் வேர், இலை, தண்டு, பட்டிழை நான்கையும் ஒரே ஆய்வில் வைத்துப் பார்த்தனர்: இலையும் பட்டிழையும் நின்றுபோகும் அளவு வறட்சியிலும் வேர் நீண்டுகொண்டிருந்தது. ஆக ஒரு தரப்பு வறட்சிக்கு மிகவும் அசையாத உறுப்பையும், மறுதரப்பு எளிதில் அஞ்சும் உறுப்பையும் அளக்கிறது.

அதைவிட வியப்பு துக்ஸ்பென்யோவின் வேரில் இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஹெக்டேருக்குச் சுமார் 100 கிலோ விளைச்சல் கூடியது. மேல் 50 செ.மீ. மண்ணில் வேரின் எடையோ ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. வேரை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. கதிருக்கு முன்னுரிமை தந்த செடி தானே சிக்கனம் பிடித்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் லிஞ்ச் வேர்ப் பக்கமிருந்து கிளம்பி இதற்கு அருகே வந்தார். 2013-இல் அவர் முன்வைத்த மாதிரியில் நல்ல வேர் செங்குத்தானது, மலிவானது, ஆழமானது. வேரின் புறணியில் காற்றறைகள் உருவாகி, உயிரணுக்களைப் பராமரிக்கும் செலவு குறைந்தது. அப்படியானால் முளைத்தட்டில் வேரின் மொத்த எடைக்கு உயர்ந்த மதிப்பெண் தருபவர் ஊதாரியைத் தேர்ந்தெடுக்கக்கூடும். கோணத்தையும் ஆழத்தையும் அளப்பவரை நான் அதிகம் நம்புவேன்.

ஆனால் விதைத்த கையோடு மழை பொய்க்கும் நிலத்தில் பட்டிழைக் கணக்கு உதவாது. அங்கே பூக்கும்வரை பயிர் இருக்க வேண்டுமே! அந்த வறட்சிக்கு முளைத்தட்டுத் தேர்வே நேரடியான சோதனை.