கால் மில்லிமீட்டரும் ஒரு கிளர்ச்சியும்

1857 என்றதும் நம் நினைவுக்கு உடனே வருவது கொழுப்புத் தடவிய தோட்டா. பள்ளிப் பாடநூல் முதல் திரைப்படம் வரை பசுவும் பன்றியும் தவறாமல் வந்துவிடுகின்றன. ஆனால் துப்பாக்கிக் குண்டுக்குக் கொழுப்பு எதற்கு என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்வியின் விடை மதத்தில் இல்லை. ஈயக் குண்டின் அளவில் இருக்கிறது.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்பும் ஓர் இரும்புக் கரண்டியும் இருந்தால் போதும். குறடு போன்ற இருபாதி அச்சில் அதை ஊற்றி, ஆறியதும் பிரித்து, ஊற்றிய வாயில் நிற்கும் வாலை நறுக்கினால் குண்டு தயார். வேட்டைக்காரர்கள் வீட்டிலேயே செய்துகொண்ட வேலை இது. சிக்கல் அதன் பிறகுதான். அச்சின் இரு பாதிகளும் தேய்ந்து இடைவெளி விட்டால் குண்டின் இடுப்பில் பிசிர் கட்டும். அதைச் சுரண்டி, அச்சைத் துடைத்து, பாதிகளை மீண்டும் பொருந்தச் செய்யவேண்டும். வார்த்த குண்டை ஓர் அளவு வளையத்தில் விட்டுப் பார்ப்பார்கள். நுழையாதது மீண்டும் உருக்குக் கரண்டிக்குப் போகும். அந்த வளையமும் நாளடைவில் தேய்ந்து அகலும். அகன்ற வளையம் பெரிய குண்டையும் சரியென்று அனுப்பிவிடும். அந்தக் குண்டு குழலின் பாதியில் சிக்கிக்கொண்டால் துப்பாக்கி பிடித்தவனின் உயிருக்கே ஆபத்து.

இதைத் தவிர்க்க அக்காலப் படைகள் கண்ட வழி எளிது: குண்டைக் குழலைவிட நன்றாகவே சிறியதாக்கிவிடுவது. கம்பெனிப் படைக்கென உருவாகி, பின்னர் பிரிட்டிஷ் ராணுவமும் ஏற்றுக்கொண்ட 'இந்தியா பேட்டர்ன்' துப்பாக்கியின் குழல்வாய் சுமார் 19 மில்லிமீட்டர். அதன் குண்டு சுமார் 17.5 மில்லிமீட்டர். வெடிமருந்தின் கரி படிந்த குழலிலும் குண்டு எளிதாக இறங்கியது. ஆனால் வெளியேறும்போது குழலுக்குள் இங்குமங்கும் மோதிச் சென்றதால் நூறு கஜத்துக்கு அப்பால் குறி நிலைக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சியிலும் சிவகங்கைச் சீமையிலும் கம்பெனி இத்தகைய வழுவழுப்பான குழல்களோடுதான் போரிட்டது. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிட்டபின், அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதிப் பிரகடனத்தின் மூலம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அந்தத் தடையை உரிமத்தின் பெயரால் நாடு முழுவதற்கும் விரித்தது.

1853இல் வடிவமைக்கப்பட்ட என்ஃபீல்டு ரைபிள் பழைய கணக்கை மாற்றியது. அதன் குழலுக்குள் மூன்று சுருள் வரிப்பள்ளங்கள் இருந்தன. குழல்வாய் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். இடைவெளி கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. வெடியின் அழுத்தத்தில் குண்டின் அடிப்பகுதி விரிந்து வரிப்பள்ளங்களைக் கவ்விச் சுழன்று பறந்தது. பழைய துப்பாக்கி எட்டவே முடியாத தூரங்களை இது எட்டியது. ஆனால் சில முறை சுட்டதும் கரி படிந்த குழலில் இவ்வளவு இறுக்கமான குண்டைத் தள்ளுவது கடினம். ஆகவே குண்டைச் சுற்றிய காகிதத்தின்மேல் மிருகக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த மசகு தடவப்பட்டது.

இன்று நாம் குண்டையும் தோட்டாவையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். அன்றைய தோட்டா, மருந்தையும் குண்டையும் ஒன்றாகச் சுற்றிய காகிதச் சுருள். சிப்பாய் கடிக்க வேண்டியது மருந்து இருந்த முனையை; கொழுப்பு இருந்தது மறுமுனையில். ஆனால் நூற்றுக்கணக்கில் அடுக்கிய சுருள்களில் எது எங்கே ஒட்டியது என்று யார் சொல்வது? எந்த மிருகத்தின் கொழுப்பு என்ற கேள்விக்கு அவன் நம்பத்தக்க விடையும் கிடைக்கவில்லை. 1857 ஜனவரியில் டம்டம்மில் வதந்தி எழுந்தது. மசகில்லாத தோட்டாவைத் தருகிறோம், நீங்களே விரும்பியதைத் தடவிக்கொள்ளுங்கள் என்றது அரசு. பல்லுக்குப் பதில் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சிமுறையையும் மாற்றியது. அதற்குள் காகிதத்தின் பளபளப்பே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் மறுத்தவை புதிய தோட்டாக்கள்கூட அல்ல, பழக்கமானவைதாம்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் வேலூர்ச் சிப்பாய்கள் 1806 ஜூலை 10 அன்று எழுந்ததற்கும் தோல் பதித்த புதிய தலைப்பாகையே உடனடிக் காரணமாக இருந்தது. தன் உடலில் எது படலாம் என்று தீர்மானிக்கும் உரிமையைச் சிப்பாய் இரு முறையும் கோரினான். ஐம்பது ஆண்டுகளில் கம்பெனி அப்பாடத்தைக் கற்கவில்லை. அவத் இணைப்பும் கடல் கடந்து பணிபுரியக் கட்டாயப்படுத்திய 1856ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்கெனவே நம்பிக்கையைக் குலைத்திருந்தன. இல்லாவிட்டால் கொழுப்பு கொழுப்பாகவே போயிருக்கக்கூடும்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. கிளர்ந்த சிப்பாய்களின் கைகளில் பெரும்பாலும் பழைய துப்பாக்கிகளே இருந்தன. ஜூலை 12 அன்று ஃபதேபூரில், அவற்றின் குண்டுகள் எட்டாத தூரத்திலிருந்தே ஹேவ்லாக் படையின் என்ஃபீல்டுகள் அவர்களைச் சாய்த்தன. அப்படையில் நம் ஊரிலிருந்து சென்ற மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் படைப்பிரிவும் இருந்தது. அதன் தளபதி நீல், அலகாபாத்திலும் கான்பூரிலும் இழைத்த கொடுமைகளுக்குப் பேர்போனவர். அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை எழுந்தது. 1927இல் அதை அகற்றக் கோரி சத்தியாக்கிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பெயர்ந்தது. ஆழ்வார்பேட்டையிலிருந்து சிறிது தூரம்தான். நம்மில் பலரும் பார்த்ததில்லை.

என்ஃபீல்டு குண்டின் வரலாற்றில் இன்னொரு தேதியும் உண்டு. இந்திய வெயிலில் குழல் அடைத்துக்கொள்வதைக் கண்டபின், 1859 வாக்கில் அதன் விட்டம் 0.568இலிருந்து 0.550 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. மசகும் பெரும்பாலும் தேன்மெழுகாயிற்று. சிப்பாய் கேட்டபோது செய்யத் தோன்றாத மாற்றத்தைத் துப்பாக்கி கேட்டபோது செய்தார்கள். மாற்றிய அளவு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.