கோயிலுக்குக் கருங்கல், வீட்டுக்குக் கடப்பா

தமிழகத்தின் பெரும்பகுதி கருங்கற்பாறையின் மேல்தான் அமர்ந்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குடைவரையில் எழுதி வைத்தான். 1010இல் தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தபோது, மலையே இல்லாத ஆற்றுச் சமவெளிக்கு அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. ஆனால் அந்தக் கோயில்களைச் சுற்றியிருந்த தெருக்களில் மண்சுவரும் செங்கல்லும் மரமும் ஓலையும் ஓடும்தான். வழவழப்பான கருங்கல் சாதாரண வீட்டுக்குள் வந்து சுமார் 40 ஆண்டுதான் ஆகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழக்கமுள்ள கல் வாசற்படியைத் தாண்ட ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? கல்லைத் தட்டையாக்கும் உழைப்பே அதைத் தடுத்தது என்பது என் வாதம்.

கருங்கல்லில் கலந்திருக்கும் குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 7. பளிங்கின் கால்சைட் வெறும் 3. பாறையைப் பிளப்பது அவ்வளவு பெரிய காரியமில்லை: வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்தால் பிளவு ஓடும். பிளக்காமல் கைவிடப்பட்ட அந்தக் குழிவரிசைகளை மாமல்லபுரத்துப் பாறைகளில் இன்றும் பார்க்கலாம். பிளந்த முகத்தைச் சமப்படுத்துவதுதான் பாடு. உளிமுனை சீக்கிரமே மழுங்கிவிடும். காய்ச்சித் தட்டித் தோய்ச்சல் கொடுக்கப் பக்கத்திலேயே ஒரு கொல்லுலை வேண்டும். இறையிலி நிலமும் அரசு ஆணையும் பின்னால் இருந்தால் பல தச்சர்களை ஆண்டுக்கணக்கில் உட்கார வைக்கலாம். கூடத்துக்குத் தரை போட நினைக்கும் குடியானவனால் முடியுமா? இதில் கவனிக்க வேண்டியது, சொரசொரப்பு போதும் என்ற இடங்களிலெல்லாம் கருங்கல் எப்போதோ வீட்டில் குடியேறிவிட்டது என்பது. அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை, துவைகல், மரத்தூணின் அடிக்கல். அம்மி தேய்ந்து வழவழத்தால் அரைபடாது என்று, கூலி கொடுத்துக் கொத்தி மறுபடி சொரசொரப்பாக்கினார்கள்.

கல் தெய்வத்துக்கு உரியது, மனிதர் குடியிருப்புக்கு ஆகாது என்ற நம்பிக்கையே காரணம் என்பவர்கள் உண்டு. மயமதம் போன்ற சிற்ப நூல்கள் கல்லை இன்னார் பயன்படுத்தலாம், இன்னாருக்குக் கூடாது என்று வருணப்படி வகுத்தது உண்மைதான். ஆனால் அந்த வகுப்பில் அரசனுக்குத் தடையில்லை. அப்படியிருந்தும் கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வில் வெளிப்பட்ட சோழர் அரண்மனை செங்கல் சுவரும், கூரை ஓடும், இரும்பு ஆணியும், மரத்தூண் நிறுத்திய கல் பீடங்களுமாகத்தான் இருந்தது. அந்த ஊர்க் கோயிலைக் கல்லால் எழுப்பிய ராசேந்திர சோழனே செங்கல்லில்தான் வாழ்ந்தான் என்றால், விதி மட்டும் காரணமாக இருக்க முடியாது. வெயிலைச் சொல்பவர்களின் வாதம் இதைவிட வலுவானது: பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவில் கக்கும் கல்சுவருக்குள் சித்திரையில் யார் படுப்பார்கள்? சுவருக்கு இது பொருந்தும். தரைக்குப் பொருந்தாது. காலுக்குக் குளிர்ச்சியான கல்தரையை வேண்டாம் என்று சொல்ல நம் தட்பவெப்பத்தில் காரணமே இல்லை. இருந்தும் நம் வீடுகள் சாணி மெழுகிய மண்ணிலும், பின்னாளில் காவி போட்ட சிமெண்டிலும்தான் காலம் தள்ளின.

செட்டிநாட்டைப் பாருங்கள். திருமயமும் நார்த்தாமலையும் கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். பாறைக்கும் பணத்துக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து மாளிகைகளில் பலவற்றின் தரைக்கு இத்தாலியப் பளிங்கு கப்பலேறி வந்தது. பகட்டும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மெருகேறிய பலகையாகவே வந்திறங்கிய கல் அது. மென்மையான பளிங்கை வாள் போட்டு அறுத்துவிடலாம். மறுகோடியில் கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரம். அங்கே சில பாறைகள் மேற்பரப்புக்கு இணையாகவே பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். பகட்டுக்கு வழியில்லாத கிராமத்தார் அந்தக் கல்பலகைகளை நட்டு வேலியும் சுவரும் ஆக்கிக்கொண்டார்கள்.

ஊருக்கெல்லாம் அந்த வசதியைக் கொண்டுவந்தது கடப்பா கல். அது கருப்பாக இருந்தாலும் கருங்கல் அல்ல. அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். படிவு ஓடும் வாக்கில் தட்டினால் தானே பலகையாகப் பிரியும். சென்னையிலிருந்து கடப்பா வழியாக ராய்ச்சூர் செல்லும் ரயில் பாதை 1871இல் முழுமை பெற்றது. பாரமான கல்லுக்கு அப்படியொரு வழி வேண்டியிருந்தது. சமையல் மேடை, அலமாரித் தட்டு, திண்ணை, தண்ணீர்த் தொட்டி என்று அது புகாத மூலை இல்லை. எலுமிச்சை, புளி பட்டால் பூத்துப் போகும் கல் அது. புளியில்லாமல் சமைக்காத வீட்டில் அதைப் போய் மேடையாகப் போட்டார்கள் என்றால், தட்டையான மலிவுக் கல்லுக்கு இருந்த தேவை எவ்வளவு என்று ஊகிக்கலாம்.

வைரப்பல் வாளும் மெருகு இயந்திரமும் பரவிய பிறகுதான் கருங்கல் இந்தப் போட்டிக்குள் வந்தது. குன்னம் என்ற ஊரின் கருப்புக் கல்லும், மதுரைப் பக்கத்தில் வெட்டிக் ‘காஷ்மீர் ஒயிட்’ என்று விற்ற வெள்ளையும் முதலில் பாளம் பாளமாகக் கப்பலேறின; பிறகு உள்ளூர்ச் சமையலறைக்கு வந்தன. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் மிக்சி வந்து அம்மி கொல்லைப்புறம் போயிற்று. கடப்பாவோ முழுக்கப் போகவில்லை. இப்போது கட்டும் பல வீடுகளிலும் மேடையின் மேற்பரப்பு கிரானைட், அதை அடியில் தாங்கும் பலகை கடப்பா.