ஓட்டு உண்டு, நாற்காலி இல்லை

1868 செப்டம்பர் 3. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்தில் ஹென்றி மெக்நீல் டர்னர் பேச எழுந்தார். மேக்கன் நகரம் இருக்கும் பிப் மாவட்ட மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் அவர். அந்த அவையில் தான் உட்காரலாமா, கூடாதா என்பதே அன்றைய விவாதம். காரணம் ஒன்றுதான்: அவர் கறுப்பர்.

டர்னர் 1834இல் தெற்குக் கரோலினாவில், அடிமை அல்லாத கறுப்புக் குடும்பத்தில் பிறந்தார். கறுப்பருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது அங்கே சட்டப்படி குற்றம். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே படித்தார். போதகரானார். உள்நாட்டுப் போரில், 1863இல், கறுப்பர் படைப்பிரிவு ஒன்றின் மதகுரு ஆனார். போர் முடிந்ததும் ஜார்ஜியாவில் ஊர் ஊராகப் போய் திருச்சபையையும் குடியரசுக் கட்சியையும் கட்டினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதிய மன்றத்திலும் டர்னர் இருந்தார். கறுப்பர் பதவி வகிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லும் வாசகம் அந்தச் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஓட்டுரிமை இருக்கிறதே, பதவியுரிமை அதற்குள் அடக்கம்தானே என்று கறுப்பு உறுப்பினர்கள் நம்பினார்கள். வெள்ளையர்களிடம் டர்னர் பெருந்தன்மையாகவே நடந்துகொண்டார். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிசுக்கு மன்னிப்பு வழங்கவும் குரல் கொடுத்தார்.

அந்தப் பெருந்தன்மைக்கு என்ன பலன் கிடைத்தது? 1868 தேர்தலில் இரு அவைகளுக்கும் சேர்த்து 33 கறுப்பர்கள் தேர்வானார்கள். சில மாதங்களிலேயே வெள்ளை உறுப்பினர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள்: ஓட்டுப் போடலாம் என்றுதான் எழுதியிருக்கிறது, பதவியில் அமரலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது? பார்வைக்கு வெள்ளையராகத் தெரிந்த சிலரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் வெளியேற்றினார்கள். தேர்தலில் தோற்ற வெள்ளையர்கள் அந்த இடங்களில் வந்து அமர்ந்தார்கள்.

டர்னர் கெஞ்சவில்லை. தன் உரிமைக்காக எவர் முன்னும் மண்டியிட மாட்டேன் என்று அந்த அவையிலேயே சொல்லிவிட்டு வெளியேறினார்.

வன்முறை உடனே வந்தது. அதே மாதம் 19ஆம் தேதி, வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான பிலிப் ஜாய்னர் உள்ளிட்டோர் அரசியல் கூட்டத்துக்காக கமில்லா என்ற ஊருக்கு ஊர்வலமாகப் போனார்கள். வெள்ளையர்கள் சுட்டதில் பலர் இறந்தார்கள். 1869இல் ஆப்ரம் கோல்பி என்ற உறுப்பினரை வீட்டிலிருந்து இழுத்துப்போய், செத்துவிட்டார் என்று நினைக்கும்வரை சவுக்கால் அடித்தார்கள். அடித்தவர்களில் ஒரு வழக்கறிஞரும் ஒரு மருத்துவரும் இருந்ததாக அவர் பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சி சொன்னார். படித்தவர்களிடம் நியாயம் இருக்கும் என்று நம்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மத்திய அரசு தலையிட்டு, ஜார்ஜியாவை மறுபடியும் ராணுவத்தின் கீழ் கொண்டுவந்த பிறகே, 1870இல் இவர்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. அதுவும் நிலைக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதித் தேர்தலில் வெள்ளை ஆதிக்கவாதிகள் சட்டமன்றத்தைக் கைப்பற்றினார்கள். டர்னர் 1880இல் பேராயர் ஆனார். அமெரிக்காமீது நம்பிக்கை இழந்து, ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போவோம் என்று தன் மக்களை அழைத்தார். 1915இல் கனடாவில் இறந்தார்.

கதை அதோடு முடியவில்லை. 1966 ஜனவரியில் அதே ஜார்ஜியா சட்டமன்றம், தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூலியன் பாண்ட் என்ற கறுப்பு இளைஞரைப் பதவியேற்க விடவில்லை. இம்முறை நிறத்தைச் சொல்லவில்லை. வியட்நாம் போரை எதிர்த்ததைக் காரணமாகக் காட்டினார்கள். 184 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள், 12 பேர் ஆதரவாக. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக பாண்டின் பக்கம் நின்றது.

நம் ஓட்டை வாங்கிக்கொள்ள எவருக்கும் கூச்சம் இருப்பதில்லை. நாம் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரும்போதுதான் சட்டப் புத்தகம் திறக்கப்படுகிறது. நல்லெண்ணத்தை நம்பி எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு டர்னரின் மக்கள் ரத்தத்தால் விலை கொடுத்தார்கள். உரிமை என்றால் அதை எழுத்தில் வாங்குவோம்.