மென்பொருட் பதிப்புகளும் புள்ளிவிபரக் கணிப்பும்

ஓர் ஆய்வின் முடிவு அதன் தரவுகளையும் ஆய்வாளர் கைக்கொண்ட முறையையும் மட்டுமே சார்ந்தது என்னும் எண்ணம் பரவலாக நிலவுகின்றது. கணிப்பைச் செய்த மென்பொருளும், அதன் குறிப்பிட்ட பதிப்பும் முடிவிற் பங்கு கொள்கின்றன என்பது உணரப்படுவதற்கு நெடுங்காலம் சென்றது. அலுவலகக் கணனிகளிலுள்ள பழைய பதிப்புகளை நீக்குவதா, பேணுவதா என்னும் வினா இவ்வரலாற்றோடு பிணைந்ததாகும்.

1967இல் ஜேம்ஸ் லோங்லி என்னும் அமெரிக்கர், 1947 முதல் 1962 வரையான பொருளாதாரத் தரவுகளை எடுத்து, இழிவு வர்க்க முறையில் மேசைக் கணிப்பான் கொண்டு விடை கண்டார். பின்னர் அதே தரவுகளை அக்காலக் கணனி நிரல்களுக்கு இட்டு நோக்கினார். விடைகள் பெரிதும் வேறுபட்டன. சிலவற்றில் முதல் இலக்கமே ஒத்துவரவில்லை. கணனி பிழைவிடாது என்று நம்பப்பட்ட காலத்தில் இது சிறிய செய்தியன்று.

அடுத்த ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான எஸ்.பி.எஸ்.எஸ். சமூக விஞ்ஞானத் துறைகளெங்கும் பரவிற்று. 2007இல் வந்த அதன் 16ஆம் பதிப்பு, முந்திய பதிப்புகள் சேமித்த பெறுபேற்றுக் கோப்புகளை நேரே திறக்கவில்லை. அவற்றைப் படிப்பதற்கெனத் தனியானதொரு நிரல் வேண்டியிருந்தது.

கோப்புத் திறவாமை கண்ணுக்குத் தெரியும் இடர். கண்ணுக்குத் தெரியாததே கொடிது. காற்றிலுள்ள நுண்துகள்கள் கனமீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் கூடும்போது நாளாந்த மரணங்கள் 0.41 சதவீதம் கூடுகின்றன என, 90 அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழுவினர் அறிவித்திருந்தனர். அவர்கள் பயன்படுத்திய எஸ்-பிளஸ் மென்பொருள், விடையைப் படிப்படியாக அண்மித்துச் சென்று, தனக்கென முன்கூட்டியே குறிக்கப்பட்ட ஓர் எல்லையில் நின்றுவிடும். அவ்வெல்லை மிகத் தளர்வானது என்பதை 2002இல் பிரான்செஸ்கா டொமினிசியும் உடனாய்வாளரும் கண்டனர். எல்லையை இறுக்கியபோது 0.41 என்பது 0.27 ஆயிற்று. தொடர்பு பொய்யாகவில்லை, அதன் அளவே குறைந்தது. ஆயினும் வளிமாசு நியமங்கள் மீளாய்வு செய்யப்பட்டுக்கொண்டிருந்த வேளையாதலால், வேறு பல ஆய்வுகளும் மீளக் கணிக்கப்பட்டு 2003இல் வெளியாயின. தம் பிழையைத் தாமே கண்டு வெளியிட்ட அவர்களின் நேர்மை போற்றற்பாலது. பயன்படுத்திய மென்பொருள் கைவசம் இருந்தமையாலேயே பிழையின் தோற்றுவாயை அறிய முடிந்தது என்பதும் நோக்கற்பாலது.

நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஆர் மொழி இவ்விடயத்தில் மற்றொரு படியைக் காட்டுகின்றது. எழுமாற்று மாதிரி எடுக்கும் அதன் முறை, குடித்தொகை மிகப் பெரிதாகும்போது எல்லா உறுப்புகளுக்கும் சமவாய்ப்பு அளிக்கவில்லை. 2019 ஏப்ரலில் வெளியான 3.6.0 பதிப்பில் இது திருத்தப்பட்டது. திருத்தம் நியாயமானதே, ஆனால் அதன் விளைவாக, ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்தாலும் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வெவ்வேறு மாதிரிகளைத் தந்தன. பழைய முறையை விரும்பிக் கேட்டுப் பெறுவதற்கும் ஆக்கியோர் வழிவிட்டிருந்தனர். பதிப்பு எதுவெனக் குறிக்காத ஆய்வேட்டை மீளச் செய்ய முயல்பவருக்கு அவ்வழியும் புலப்படாது.

இவ்வளவையும் நோக்கி, கணனிப் பொறுப்பாளர் பழையவற்றை அகற்ற முற்படுவது வெறும் பிடிவாதம் எனக் கொள்ளலாகாது. சேமித்த தரவுக் கோப்பொன்றைத் திறப்பதன் மூலமே தீய நிரலை இயக்கக்கூடிய பாதுகாப்புக் குறை ஆர் மொழியில் இருந்தமை 2024இல் வெளிப்பட்டது, 4.4.0 பதிப்பிலேயே அது நீக்கப்பட்டது. அதற்கு முந்திய பதிப்பை வைத்திருப்போர் அக்குறையையும் சேர்த்தே வைத்திருக்கின்றனர். வலையமைப்பிலிருந்து பிரித்த ஒரு கணனியில் பழைய பதிப்பை ஒதுக்கிவைத்து, நாளாந்த வேலைகளைப் புதியதிற் செய்வது இரு தரப்பாருக்கும் ஏற்புடைய ஏற்பாடாகும். பிறர் பேணுவர் என்று இருந்துவிடுவதும் உறுதியன்று. ஆர் மொழியின் துணைப்பொதிகளை 2014 முதல் நாள்தோறும் உள்ளவாறே சேமித்துவந்த களஞ்சியமொன்றை மைக்றோசொப்ற் நிறுவனம் 2023இல் மூடிவிட்டது.