உள்வைப்புசார் எலும்புத் தொற்றில் பாக்டீரியாவும் ஸ்டெம் செல்களும்

எலும்பில் பொருத்தும் தகடு, திருகு, செயற்கை மூட்டு ஆகியவற்றைச் சுற்றி உண்டாகும் தொற்றுக்கு முதன்மைக் காரணிகளுள் ஒன்று ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். உடலில் அந்நியப் பொருள் இருந்தால் மிகச் சில கிருமிகளே சீழ் பிடிக்கச் செய்யும் என்பதை எலெக், கோனன் இருவரும் 1957-இல் பட்டுத் தையல் நூலைக் கொண்டு காட்டினர். உள்வைப்பின் பரப்பை முதலில் பற்றுவது திசுச் செல்லா பாக்டீரியாவா என்ற பந்தயமாக இத்தகைய தொற்றை 1987-இல் அந்தோனி கிரிஸ்டினா விளக்கினார். அவ்விளக்கம் இன்றும் பயனுள்ளதே; ஆனால் எலும்பு மஜ்ஜையின் மெசன்கைமல் ஸ்டெம் செல்லை இடம்பிடிக்கும் போட்டியாளராக மட்டும் கருதுவது போதாது. அது எல்எல்-37 என்னும் கிருமிக்கொல்லிப் புரதக்கூறைச் சுரந்து எதிர்க்கிறது. அதே செல், ஃபைப்ரோனெக்டினைப் பாலமாக்கி இன்டெக்ரின் வழியே நுழையும் பாக்டீரியாவுக்குப் புகலிடமும் ஆகிவிடுகிறது.

இவை பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் கண்டவை. நாட்பட்ட தொற்றை விளக்க, கிருமிகள் பரப்பில் ஒட்டி உருவாக்கும் உயிர்ப்படலமும், எலும்பின் நுண்கால்வாய்களுக்குள் கிருமி புகுவதுமே போதும் என்ற எதிர்வாதம் உண்டு. அது வலுவான வாதம்தான். செல்லுக்குள் பதுங்கிய கிருமியின் பங்கை மனித எலும்பில் அளப்பது மிகக் கடினம். ஆயினும் உயிர்ப்படலம், கிருமி ஏன் பிழைக்கிறது என்பதை விளக்கும் அளவுக்கு எலும்பு ஏன் கரைகிறது என்பதை விளக்குவதில்லை. ஸ்டெம் செல்லின் வழித்தோன்றலான எலும்பாக்கச் செல், தொற்றுக்கு ஆளானதும் ராங்க்எல் புரதத்தைக் கூடுதலாக வெளிப்படுத்துகிறது; எலும்பரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் அதனால் பெருகுகின்றன. கிருமி செல்லுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்ற வேறுபாடு மருந்துத் தேர்விலும் முக்கியம்: ஜென்டாமைசின் செல்லுக்குள் குறைவாகவே செயல்படும், ரிஃபாம்பிசின் அங்கும் எட்டும், ஆனால் எதிர்ப்புத்திறன் விரைவில் தோன்றுவதால் அதைத் தனியே தருவதில்லை.