ரயில் முன்பதிவில் தகவல் தொழில்நுட்பம்: காகிதப் பதிவேட்டிலிருந்து கையடக்கக் கருவி வரை

புதுதில்லி: பயணம் செய்ய விரும்புவோர் அனைவருக்கும் போதுமான படுக்கைகள் இல்லை என்பதே ரயில் முன்பதிவின் அடிப்படைச் சிக்கல் ஆகும். தகவல் தொழில்நுட்பத்தால் புதிய படுக்கைகளை உருவாக்க இயலாது. ஆனால், இருக்கும் படுக்கை காலியாகச் செல்வதைத் தடுத்து, வரிசையில் அடுத்து உள்ளவருக்கு அதனை வழங்க இயலும்.

கணினி வருவதற்கு முன்பு, ஒவ்வொரு ரயிலின் இடங்களும் காகிதப் பதிவேடுகளில் குறிக்கப்பட்டன. 1980-களின் நடுப்பகுதியில் தில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. ரயில்வேயின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான கிரிஸ் 1986-ம் ஆண்டு நிறுவப்பட்டது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய மையங்கள் தொடக்கத்தில் தனித்தனியே இயங்கின. 1999-ம் ஆண்டு இவை ஒரே வலையமைப்பில் இணைக்கப்பட்டதால், எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் பயணச்சீட்டு பெறும் வசதி உருவானது. 2002-ம் ஆண்டு ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் இணையவழிப் பதிவு அறிமுகமானது.

காத்திருப்போர் பட்டியல்

'சார்ட்' எனப்படும் இறுதிப் பயணிகள் பட்டியல், ரயில் புறப்படுவதற்கு 4 மணி நேரத்துக்கு முன்பு தயாரிக்கப்படுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. இதனால், இடம் கிடைக்காதவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யப் போதிய அவகாசம் இருக்கவில்லை. எனவே, 8 மணி நேரத்துக்கு முன்பே பட்டியலைத் தயாரிக்க 2025-ம் ஆண்டு ரயில்வே முடிவெடுத்தது. பட்டியல் தயாரான பிறகும் முழுமையாகக் காத்திருப்பில் உள்ள இணையவழிப் பயணச்சீட்டு தானாகவே ரத்தாகி, கட்டணம் திருப்பி அளிக்கப்படும்.

முன்பு, பதிவு செய்தவர் வராததால் காலியாகும் படுக்கை குறித்த விவரம் பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் உள்ள அச்சிட்ட பட்டியலில் மட்டுமே இருக்கும். தற்போது கையடக்கக் கருவியில் அவர் அதனைப் பதிவு செய்தவுடன் மைய கணினிக்குத் தகவல் செல்கிறது. பட்டியல் வரிசைப்படி ஆர்.ஏ.சி. பயணிகளுக்கு முதலில் படுக்கை ஒதுக்கப்படுகிறது. எஞ்சும் இடங்கள், வழியில் உள்ள அடுத்த நிலையங்களிலிருந்து முன்பதிவு செய்யத் திறந்துவிடப்படுகின்றன.

தட்கலில் கட்டுப்பாடு

தட்கல் பதிவில் சில நிமிடங்களிலேயே இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. போலிக் கணக்குகளும் தானியங்கி மென்பொருள்களும் இதற்குக் காரணம் எனப் புகார்கள் எழுந்தன. இதையடுத்து, 2025 ஜூலை 1 முதல் ஆதார் மூலம் சரிபார்க்கப்பட்ட பயனர்கள் மட்டுமே ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலும் செயலியிலும் தட்கல் பதிவு செய்ய முடியும். குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், இதர வகுப்புகளுக்கு 11 மணிக்கும் பதிவு தொடங்குகிறது. முதல் 30 நிமிடங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட முகவர்களுக்கு அனுமதி இல்லை. அதே நாளில், முன்பதிவு, முன்பதிவற்ற பயணச்சீட்டு, ரயில் இருப்பிடம், புகார் ஆகிய சேவைகளை ஒருங்கிணைத்த ரயில்ஒன் செயலியும் வெளியிடப்பட்டது.

அனைவருக்கும் சமவாய்ப்பு

கவுண்ட்டரும் கைபேசிச் செயலியும் ஒரே கணினித் தொகுப்பிலிருந்துதான் இடங்களை வழங்குகின்றன. ஆயினும், வரிசையில் நிற்பவரைவிட வேகமான இணைய இணைப்பு உள்ளவருக்கே வாய்ப்பு அதிகம். ஆகவே, கைபேசிச் செயலிகளைப் பயன்படுத்த இயலாத பயணிகளுக்கு, நிலையக் கவுண்ட்டர்களும் 139 உதவி எண்ணும் இன்றளவும் இன்றியமையாதவையாக உள்ளன.