சீருடையும் சிலேட்டும்

திருக்கோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதியோர் பலர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதற்காக ஒருவரோடொருவர் பொருத கதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால், அத்துறைமுகத்திலே உழைத்த மனிதர்களின் கணக்கு அவ்வளவு விரிவாக எழுதப்படவில்லை. அக்கணக்கின் ஒரு பக்கத்தை மாத்திரம் இங்கு புரட்டிப் பார்ப்போம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது, அதிற் பங்குபற்றியவர்களுக்குக் கல்வியும் ஒரு கைம்மாறாக வழங்கப்பட்டது. அது யாருக்குக் கிடைத்தது? எவ்வளவு கிடைத்தது? யார் கையில், எந்த வழியாகக் கொடுக்கப்பட்டது? எவருக்குக் கொடுக்கப்படவில்லை?

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை திருக்கோணமலை மீது குண்டு பொழிந்தன. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் தாக்குண்டன. எண்ணெய்க் குதமொன்று தீப்பற்றி எரிந்தது. முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ‘ஹெர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும், அதற்குத் துணையாகச் சென்ற ‘வம்பயர்’ என்னும் அவுஸ்திரேலியக் கப்பலும் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. இறந்தவர்களிற் சிலருடைய பெயர்களை நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தில் இன்றும் வாசிக்கலாம். பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் கல்லில் ஒழுங்காகச் செதுக்கப்பட்டுள்ளன.

அன்று அத்துறைமுகத்தில் இருந்தோர் ஒரே இனத்தவரல்லர். பிரித்தானிய மாலுமிகள் இருந்தனர். அவுஸ்திரேலியர், இந்தியர் இருந்தனர். இலங்கையிற் கிழக்காபிரிக்கச் சிப்பாய்களும் இருந்தனர். இவர்கள் எல்லோரும் சீருடை அணிந்தவர்கள். சீருடை அணியாதவர்கள் வேறொரு கூட்டம். கப்பல்களைச் செப்பனிட்டவர்கள், நிலக்கரியும் எண்ணெயும் ஏற்றியவர்கள், கிரேன்களை ஓட்டியவர்கள், மூட்டை சுமந்தவர்கள். இவர்களே டொக்யாட் தொழிலாளர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் அங்கே தோளோடு தோள் நின்று வேலை செய்தார்கள். வானத்திலிருந்து விழுந்த குண்டு, கீழே நிற்பவன் சீருடை அணிந்திருக்கிறானா என்று பார்த்து விழவில்லை.

இனி, கைம்மாற்றின் கதைக்கு வருவோம். அதை ஐக்கிய அமெரிக்காவிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஏனெனில், யுத்தம் செய்தவனுக்குக் கல்வியைப் பெருந்தொகையாக வழங்கிய நாடு அதுவே. அந்த நாட்டுக்கும் நமது துறைமுகத்துக்கும் ஒரு தொடர்பும் உண்டு. 1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி, ஐம்பதுக்கு மேற்பட்ட அமெரிக்கப் பெருங்குண்டு விமானங்கள் சீனக்குடாவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, சுமாத்திராவிலுள்ள பலம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கப் புறப்பட்டன. அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்னர், ஜூன் 22ஆம் திகதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டிருந்தார். ‘ஜீ. ஐ. சட்டம்’ என்று உலகம் அழைப்பது அதனையே. சீனக்குடாவிலிருந்து பறந்த அமெரிக்க இளைஞன் உயிரோடு திரும்புவானாயின், அவனுடைய படிப்புக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அச்சட்டம் கூறிற்று.

அமெரிக்க அரசாங்கத்துக்கு இத்தயாள சிந்தை எங்கிருந்து வந்தது? அன்பு மாத்திரம் காரணமன்று, அச்சமும் காரணம். முதலாம் உலக யுத்தத்திற் போரிட்டவர்களுக்கு 1945இற் கொடுப்பதாக ஒரு தொகை வாக்களிக்கப்பட்டிருந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் நாட்டை வாட்டிய 1932ஆம் ஆண்டில், ஆயிரக்கணக்கான முன்னாள் படைவீரர்கள் அத்தொகையை உடனே தருமாறு கேட்டு, தலைநகரிற் கொட்டகையடித்துத் தங்கினார்கள். ஜூலை 28ஆம் திகதி இராணுவம் டாங்கிகளோடு வந்து அவர்களை விரட்டியது, கொட்டகைகள் எரிந்தன. தன் பழைய சிப்பாய்களைத் தன் புதிய சிப்பாய்களைக் கொண்டு அடித்துத் துரத்திய அவமானத்தை அந்நாடு மறக்கவில்லை. இரண்டாவது யுத்தம் முடிந்து ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் ஒருமிக்கத் திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, வகுப்பறையே விடையாயிற்று.

பணம் கொடுக்கப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. தொண்ணூறு நாளாவது சேவை செய்து, அவமானமின்றி விலகிய ஒருவன், ஒரு வருடப் படிப்புக்கும் அதற்கு மேல் சேவைக் காலத்துக்கு ஈடான படிப்புக்கும் உரியவனானான். மொத்தம் நான்கு வருடம் எல்லை. கட்டணமும் புத்தகச் செலவும் வருடத்துக்கு 500 டொலர் வரையில், அரசாங்கத்திலிருந்து நேரே கல்லூரிக்குச் சென்றன. உணவுக்கும் உறையுளுக்கும் மாதம் 50 டொலர், குடும்பஸ்தனாயின் 75 டொலர், மாணவன் கைக்கு வந்தது. இத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டது. இவ்வாறு இரண்டு வாய்க்கால்கள்: ஒன்று பள்ளிக்கு, மற்றது வயிற்றுக்கு. பசித்தவனுக்குப் படிப்பு ஏறாது என்னும் பழைய உண்மையைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். 78 இலட்சம் பேர் இதனாற் பயனடைந்தனர். அவர்களில் 22 இலட்சம் பேர் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றார்கள். ஏனையோர் தொழிற் பயிற்சி பெற்றனர். பணக்காரப் பிள்ளைகளின் கூடமாயிருந்த பல்கலைக்கழகத்திற் கொல்லன் மகனும் குடியானவன் மகனும் வந்து அமர்ந்தார்கள்.

ஆனால், பணம் பாயும் வாய்க்காலில் முதலைகளும் வந்து சேர்வது வழக்கம். அரசாங்கம் நேரே கட்டணம் கட்டுகிறது என்று கண்டதும், இலாபத்துக்காகத் திறக்கப்பட்ட தொழிற் பள்ளிகள் பல தோன்றின. சில பள்ளிகள் கட்டணத்தை உயர்த்தின. சில, வராத மாணவனுக்கும் வரவு வைத்தன. எனவே, கொரிய யுத்தத்திற் போரிட்டவர்களுக்காக 1952இல் வந்த சட்டம் வழியை மாற்றியது. மாதம் 110 டொலர் வீரன் கைக்கே கொடுக்கப்பட்டது; கட்டணம், உணவு, வாடகை எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொள்ள வேண்டும். மோசடி குறைந்தது, ஆனால், கட்டணம் கூடிய கல்லூரியின் கதவும் வறியவனுக்கு மெல்லச் சாத்தப்பட்டது. 2009இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் மறுபடியும் பழைய இரட்டை வாய்க்காலுக்கே திரும்பிற்று. பணம் யார் கையிற் கொடுக்கப்படுகிறது என்பது வெறும் கணக்கப்பிள்ளையின் விஷயமன்று. கொடுப்பவன் பெறுபவனை எவ்வளவு நம்புகிறான், பள்ளியை எவ்வளவு நம்புகிறான் என்பதற்கு அதுவே அளவுகோல்.

இனி, அச்சட்டத்தின் மறுபக்கம். கறுப்பின வீரனுக்கும் சட்டம் எழுத்தில் அதே உரிமையைத் தந்தது. ஆனால், தென் மாநிலங்களிற் பல்கலைக்கழகங்கள் நிறத்தின்படி பிரிந்து கிடந்தன. கறுப்பினத்தவருக்கென்று இருந்த சில கல்லூரிகளில் இடமில்லை. வெள்ளையர் கல்லூரிகளில் அனுமதியில்லை. கையிலே உரிமைச் சீட்டு இருந்தும் வாசலிலே நின்றவர்கள் பல்லாயிரம் பேர். பிலிப்பைன் மக்களின் கதை இன்னும் கொடியது. அமெரிக்கக் கொடியின் கீழ் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிலிப்பினோக்கள் போரிட்டார்கள். 1946 பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய ஒரு சட்டம், அவர்களிற் பெரும்பாலோர் செய்த சேவை இவ்வுதவிகளைப் பொறுத்தவரையிற் சேவையே அன்று என்று கூறிற்று. 2009இல், உயிரோடு எஞ்சியிருந்த கிழவர்களுக்கு ஒரே தடவையாக ஒரு தொகை வழங்கப்பட்டது: அமெரிக்கப் பிரஜையாயின் 15,000 டொலர், அல்லாவிடின் 9,000 டொலர். எண்பது வயதுக்குப் பின் வந்த பணம் எந்தப் பள்ளிக்குப் போகும்?

சீருடை அணியாத காரணத்தால், யுத்தப் பொருள்களை ஏற்றிச் சென்ற அமெரிக்க வணிகக் கப்பல் மாலுமிகளும் ஒதுக்கப்பட்டார்கள். நீர்மூழ்கிகளுக்கு இரையான அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி 1988இலேதான் கிடைத்தது.

நமது துறைமுகத்தில் நின்ற மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது? ‘வம்பயர்’ கப்பலில் உயிர் தப்பிய அவுஸ்திரேலியனுக்கு அவனுடைய அரசாங்கம் 1944இல் வகுத்த பயிற்சித் திட்டம் இருந்தது. இந்தியச் சிப்பாயின் பேரில் 1942 முதல் யுத்தப் பிற்கால நிதியொன்று சேர்க்கப்பட்டது. அது அவன் கைக்கு வரவில்லை, பொது நிதியாகவே நின்றது. பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குச் சேர்ந்த பங்கைக் கொண்டு 1954இற் பௌஜி நிறுவனம் ஆரம்பிக்கப்பட்டது. சிப்பாயின் பேராற் சேர்ந்த பணம் நெசவாலை முதலாயிற்று. கென்யாவிலே, யுத்தம் முடித்து வந்த வெள்ளையருக்குக் குடியேற்றத் திட்டத்தில் நிலம் கிடைத்தது. அதே யுத்தத்திலிருந்து திரும்பிய ஆபிரிக்கனுக்கு அந்நிலம் இல்லை. இலங்கையிலும் பர்மாவிலும் சிப்பாயாயிருந்த வருஹியு இட்டோட்டே என்பவர், பின்னர் ‘ஜெனரல் சைனா’ என்ற பெயரோடு மௌ மௌ கிளர்ச்சியின் தளபதிகளுள் ஒருவரானதில் வியப்பென்ன?

டொக்யாட் தொழிலாளியோ எந்தப் பட்டியலிலும் இல்லை. அவனிடம் சேவைப் பத்திரமில்லை. அவன் குண்டுக்கடியில் நின்ற நாட்களை எண்ணி, இத்தனை நாளுக்கு இத்தனை மாதப் படிப்பு என்று கணக்கிட எந்தச் சட்டமும் எழுதப்படவில்லை. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி கடற்படைத் தளம் இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நியக் கொடி இறங்கியது, நாடு மகிழ்ந்தது, அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால், தளத்தை நம்பியிருந்த தொழிலாளரின் பிழைப்பும் அதோடு சேர்ந்து இறங்கியது. அவன் பிள்ளை எதைக்கொண்டு படிப்பது?

இவ்விடத்திலேதான் இலங்கை தன் சரித்திரத்தில் ஒரு நல்ல பக்கத்தை எழுதியது. கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு, யுத்தத்தின் நடுவே, 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரையிற் கல்வி இலவசமாதல் வேண்டும் என்பது அதன் சாரம். அரசாங்க சபையில் நீண்ட வாதங்கள் நடந்தன. பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் ஜீ. ஐ. சட்டத்தின் கீழ் மாணவர்கள் கல்லூரிகளில் நிறையத் தொடங்கிய அதே பருவத்தில், இங்கே எந்தச் சேவைப் பத்திரமும் கேட்கப்படாமற் பள்ளிக் கதவு திறந்தது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். அங்கே, படிப்பவன் தானே துப்பாக்கி ஏந்தியிருக்க வேண்டும். இங்கே, பிள்ளை பிள்ளையாயிருந்தாற் போதும். அங்கே, ஒவ்வொருவர் பேரிலும் நாட்களை எண்ணிக் கொடுத்தார்கள். இங்கே, ஆசிரியனுக்குச் சம்பளமாகவும் பள்ளிக்கு நிதியாகவும் எல்லோருக்கும் பொதுவிற் கொடுத்தார்கள். திருக்கோணமலை நகரத்துப் பிள்ளையும் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பிள்ளையும், கிரேன் ஓட்டியவன் மகளும் மூட்டை சுமந்தவன் மகனும் கேட்காமலே பெற்ற உரிமை இது. ஆயினும், இங்கே வயிற்றுக்கான வாய்க்கால் மிகச் சிறிதாகவே வெட்டப்பட்டது. கட்டணம் இல்லை என்பதால் மீன்பிடிக்குப் போகும் பிள்ளை பள்ளிக்கு வந்துவிடாது.

இந்த நல்ல பக்கத்திலும் ஒரு கறை உண்டு. யுத்த காலத்தில் நாட்டின் வருமானத்தைத் தாங்கியவை தேயிலையும் இரப்பரும். அவற்றைத் தம் உழைப்பால் விளைவித்த மலையகத் தொழிலாளரின் பிள்ளைகள், தோட்டத் துரைமார் நடத்திய பெயரளவான பள்ளிகளிலேயே விடப்பட்டார்கள். அப்பள்ளிகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு முறையாக வந்தது 1970களிலேதான். கல்விக்குப் பணம் ஈட்டியவன் பிள்ளைக்கே கல்வி கடைசியாக வந்தது. அக்காலத்திற் பஞ்சத்தாலும் கலவரத்தாலும் மலையை விட்டுக் கிழக்கே வந்து குடியேறிய குடும்பங்கள், இவ்வநீதியின் சாட்சிகளாகத் திருக்கோணமலை மாவட்டத்திலும் வாழ்கின்றன.

பின்னர் இந்த நாட்டிலேயே நீண்டதொரு யுத்தம் வந்து, 2009இல் முடிந்தது. கடமையில் இறந்த, ஊனமுற்ற படையினரின் குடும்ப நலனுக்காக ரணவிரு சேவா அதிகார சபை 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தகப்பனை இழந்த பிள்ளைக்கு உதவுவதை யார் குறை கூறுவர்? ஆனால், இடம்பெயர்ந்தவர், காணாமற் போனவர், செல்லடியில் இறந்தவர் ஆகியோரின் பிள்ளைகளும் தகப்பனை இழந்தவர்களே. அவர்களுடைய இழப்புக்கும் ஈடு காணும் கடமையுடைய இழப்பீட்டு அலுவலகச் சட்டம் 2018இலேதான் நிறைவேறியது. இரு சட்டங்களுக்கும் இடையே பத்தொன்பது வருடங்கள். ஒரு பிள்ளை பிறந்து பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு வந்து சேரும் காலம் அது.

யுத்தம் செய்தவனுக்குக் கல்வி கொடுத்தது தவறன்று. அவனுக்கு மாத்திரம் கொடுத்ததே குறை. துறைமுகம் நமக்குச் சொல்லும் பாடம் இதுதான். யுத்தத்தின் பாரம் சீருடையோடு நின்றுவிடுவதில்லை. ஆகவே, அதன் கைம்மாறும் சீருடையோடு நின்றுவிடலாகாது. 1945இல் நம் முன்னோர் எந்தப் பத்திரமும் கேளாமல் திறந்த கதவை, வசதிக் கட்டணம் என்றும் தனிப்பட்ட வகுப்பு என்றும் இன்று மெல்ல மெல்லச் சாத்த விடுவோமாயின், யுத்த மயானத்திற் பெயரில்லாத அந்த டொக்யாட் தொழிலாளிக்கு நாம் இரண்டாம் முறையும் கடன்காரராவோம். கல்லிற் செதுக்கப்படாத அவன் பெயர், பள்ளி இடாப்பில் அவன் பேரப்பிள்ளையின் பெயருக்கு முன்னெழுத்தாக நிற்கட்டும். அவனுக்குரிய நினைவுச் சின்னம் அதுவே.